பழைய பெட்ரோல் ஜீப்புக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: மாற்றும் முன்பும் மாற்றும்போதும் கவனிக்க வேண்டியவை

கச்சிராயபாளையம், பரிகம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்களில் இப்போது பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை என்பதால் இந்தக் கட்டுரை அந்த வண்டிக்காரர்களுக்கானது அல்ல. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் அல்ல. ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளிலும் கல்வராயன் மலையிலும் தாத்தா காலத்து பெட்ரோல் ஜீப்பையோ, அம்பாசிடரையோ, புல்லட், எஸ்டி, ராஜ்தூத் போன்ற பைக்கையோ இன்னும் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. சிலரிடம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்ப் இன்ஜினும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தலைவலி, பாயின்ட்.

மழைக்காலத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். பின்னால் வரும் வண்டிக்கு ஒதுங்க இடம் இருக்காது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வண்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போடலாமா என்ற கேள்வி மைலேஜ் கணக்கோடு முடிவதல்ல. எது வழியில் நிற்காது, நின்றால் எதைக் கையாலேயே சரிசெய்ய முடியும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பாயின்ட் எப்படி வேலை செய்கிறது

இந்த முறை நூறாண்டு பழையது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கியது. அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் இதில்தான் ஓடின. கிறைஸ்லர் நிறுவனம் 1973-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1975-லும் தங்கள் கார்கள் முழுவதையும் எலக்ட்ரானிக்குக்கு மாற்றின.

பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் சாவி வழியாக இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. காயிலின் உள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்று, மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று. தடித்த சுற்றில் ஓடும் கரண்டை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் எர்த்தோடு சேர்க்கிறது, பிரிக்கிறது. சேர்ந்திருக்கும்போது காயிலில் காந்தம் ஏறும். பிரியும் கணத்தில் அந்தக் காந்தம் சட்டென்று விழும். அப்போது மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். அதை ரோட்டார் எந்த சிலிண்டருக்கு முறையோ அந்தப் பிளக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாயின்ட் பிரியும்போது அங்கேயே தீப்பொறி பறந்து கரண்ட் வீணாகாமல் தடுப்பது கன்டென்சரின் வேலை.

நாலு சிலிண்டர் ஜீப் 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் பாயின்ட் ஒரு நிமிடத்துக்கு 4,000 முறை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 2,40,000 முறை. ஒவ்வொரு முறையும் நாலு ஆம்பியர் அளவுக்குக் கரண்டை வெட்டுகிறது. அதனால் முகம் கருகும், ஒரு பக்கம் குழி விழுந்து மறுபக்கம் முளை கட்டும். கேமில் உரசும் ஃபைபர் குதிகாலும் தேயும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங் பின்னால் போகும். வண்டி இழுக்காது, இன்ஜின் சூடேறும், பெட்ரோல் குடிக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நடப்பதால், ஓட்டுபவருக்கு வண்டி எப்போதும் இப்படித்தான் என்று பழகிவிடும்.

மலையில் ஏன் முதலில் தெரிகிறது

சமவெளியில் ஓரளவு ஓடும் வண்டி, கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மிஸ்ஸிங் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறோம்; சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். பலவீனமான ஸ்பார்க் அங்கேதான் தோற்கும்.

இன்னொன்று, உயரம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்ற கணக்கில் காற்றின் அடர்த்தி குறைகிறது. 3,000 அடியில் பத்தில் ஒரு பங்கு காற்று குறைவு. கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைத்து விடுவதில்லை. கலவை கெட்டியாகிறது, பிளக்கில் கரி படிகிறது. கரி படிந்த பிளக்குக்கு இன்னும் வலுவான ஸ்பார்க் வேண்டும். மெதுவான வேகத்தில் பாயின்ட் மெதுவாகத் திறப்பதால் அங்கே பொறி பறந்து, காயிலின் சக்தியில் ஒரு பகுதி வீணாகிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது வண்டி நிற்கிறது. எலக்ட்ரானிக் மாட்யூலில் கரண்டை வெட்டுவது டிரான்சிஸ்டர். வேகம் எதுவானாலும் வெட்டு ஒரே கூர்மையோடு இருக்கும். இதுதான் உண்மையான பலன். மைலேஜ் அப்படிக் கூடும், இப்படிக் கூடும் என்று விற்பவர் சொல்வதை முழுவதும் நம்ப வேண்டாம். சரியாக வைத்த பாயின்ட்டோடு ஒப்பிட்டால் மைலேஜ் வித்தியாசம் சொற்பம். தேய்ந்துபோன பாயின்ட்டோடு ஒப்பிட்டால் எதைப் போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

முதலில் பழையதைச் சரிபாருங்கள்

பெரும்பாலான மெக்கானிக்குகள் தவிர்த்துவிடும் படி இதுதான். பாயின்ட் கெட்டது என்று நினைத்து எலக்ட்ரானிக் வாங்கிப் போட்டும் மிஸ்ஸிங் போகாத வண்டிகளில், கோளாறு வேறெங்கோ இருந்திருக்கும். கீழே சொல்லும் சோதனைகளுக்கு ஒரு ஃபீலர் கேஜும் சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

சாவியைப் போட்டு, பாயின்ட் சேர்ந்திருக்கும் நிலையில், பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் பாசிட்டிவுக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். பலாஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவி சுவிட்சோ வயரோ கரண்டைத் தின்கிறது. நாற்பது ஆண்டு பழைய சுவிட்சில் இது சர்வ சாதாரணம். புது மாட்யூல் போட்டாலும் இந்தக் குறை தொடரும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட். கையால் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. கேமின் நாலு முனைகளிலும் பாயின்ட்டை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். நாலும் ஒன்றாக இருந்தால் புஷ் நன்றாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று மாறினால் ஷாஃப்ட் ஆடுகிறது அல்லது கேம் தேய்ந்திருக்கிறது. எலக்ட்ரானிக் மாட்யூல் சிறு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். பெரிய ஆட்டத்தில் காந்த வளையம் சென்சாரில் உரசி உடையும். புஷ் மாற்றுவது லேத் பட்டறை வேலை. அதை முடித்துவிட்டுத்தான் மாட்யூலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரோட்டாரைக் கையால் அது சுற்றும் திசையில் சிறிது திருப்பி விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் இழுத்து தானே பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துரு ஏறிச் சிக்கியிருக்கின்றன. வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னால் கொண்டுபோவது இந்த எடைகள். பாயின்ட் இடத்தில் உட்காரும் எலக்ட்ரானிக் மாட்யூல் இந்த வேலையைச் செய்யாது. அது பாயின்ட் செய்த வேலையை மட்டும்தான் செய்யும். எனவே ஷாஃப்ட்டின் மேல்முனையில் ரோட்டாருக்கு அடியில் இருக்கும் பஞ்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது எலக்ட்ரானிக் போட்ட பிறகும் தொடர வேண்டும்.

கேப்பைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கருங்கோடு இருந்தால் அது கரிப்பாதை. வெள்ளிமலைப் பனியிலும் மழையிலும் அந்தக் கோட்டின் வழியாகக் கரண்ட் கசியும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெயில் ஏறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எலக்ட்ரானிக் போட்டால் வோல்ட் கூடுவதால் இந்தக் கசிவு குறையாது, கூடவே செய்யும். கேப், ரோட்டார், பிளக் வயர் மூன்றையும் மாற்றாமல் மாட்யூலை மட்டும் மாற்றுவது, ஓட்டை வாய்க்காலில் பெரிய மோட்டார் வைத்துத் தண்ணீர் விடுவதுபோல.

பெட்ரோல் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் மாவட்டத்துக் கரும்புக்காரர்களுக்கு எத்தனால் நல்ல செய்தி; பழைய வண்டியின் ரப்பர் குழாய்க்கும் பம்ப் டயாஃப்ரமுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. அவை ஊறி இளகும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தாலும் மிஸ்ஸிங் வரும். பெட்ரோல் குறையால் வரும் மிஸ்ஸிங்கும் ஸ்பார்க் குறையால் வரும் மிஸ்ஸிங்கும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எந்த வகையை எடுப்பது

பாயின்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் காயிலுக்கும் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி வைப்பது ஒரு வகை. பாயின்ட் வழியாக மிகச் சிறிய கரண்ட் மட்டும் போகும், முகம் கருகாது. குதிகால் தேய்வது மட்டும் நிற்காது. இன்னொரு சிறு தொல்லை, கரண்ட் குறைவு என்பதால் பாயின்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம் படிந்தால் அது தானே எரிந்து போகாது. அவ்வப்போது துடைக்க வேண்டும். பெரிய வசதி, பெட்டி கெட்டால் வயரை மாற்றிப் பழையபடி ஓட்டலாம் என்பது.

இரண்டாவது, பாயின்ட்டையும் கன்டென்சரையும் எடுத்துவிட்டு அதே தட்டில் காந்த சென்சார் அல்லது ஒளி சென்சார் வைப்பது. ஜீப், அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது இதைத்தான். தேய்வதற்கு எதுவும் இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங் நகராது. மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடுவது. பழையதன் புஷ் முழுக்கப் போயிருந்தால் மட்டும் அது லாபம். பைக்குகளிலும் பம்ப் இன்ஜினிலும் சி.டி.ஐ. என்ற வகை வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஜீப்பில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தக் கம்பெனி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே ஒன்றுசேர்க்கத் தொடங்கியது. பழைய ஜீப்களில் அமெரிக்க ஆட்டோலைட் வகையும், 1961-ல் தொடங்கப்பட்ட சென்னை பாடி லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் வகையும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் ஒன்றல்ல. நாலு சிலிண்டர் ஹரிக்கேன் இன்ஜினின் ஆட்டோலைட்டில் பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ.; லூகாஸ் 25டி வகையில் 0.35 முதல் 0.40 மி.மீ. பாயின்ட் சேர்ந்திருக்கும் கோணம் முதலாவதில் 42 டிகிரி, இரண்டாவதில் 60 டிகிரி. ஒன்றின் மாட்யூல் மற்றதில் உட்காராது.

அடுத்து வோல்ட். பழைய ஜீப்களும் பைக்குகளும் பல 6 வோல்ட். 12 வோல்ட் மாட்யூல் 6 வோல்ட்டில் வேலை செய்யாது. 6 வோல்ட்டுக்கென்றே விற்கும் மாட்யூலிலும் ஒரு சிக்கல் உண்டு: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் இன்னும் கீழே இறங்கும், மாட்யூல் விழிக்காது. பாயின்ட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எவ்வளவு குறைந்த வோல்ட்டிலும் அது திறந்து மூடும். 6 வோல்ட் வண்டியை மலைக்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்று முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது நல்ல பாயின்ட்டோடேயே இருந்துவிட வேண்டும். இடைப்பட்ட வழியை நான் சொல்லமாட்டேன்.

எர்த் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும் பிரிட்டிஷ் பாணி வண்டிகள் உண்டு. நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஒரு நொடியில் எரிந்துவிடும். இதற்குக் கம்பெனி வாரன்டி தராது.

கடைசியாகக் காயில். வயர்களைக் கழற்றிவிட்டு காயிலின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். 12 வோல்ட் சாதாரணக் காயிலில் 3 ஓம் அளவு வரும். 1.5 ஓம் என்றால் அது பலாஸ்ட் ரெசிஸ்டரோடு பயன்படுத்த வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் அதைப் போட்டால் கரண்ட் இரண்டு மடங்கு ஓடி காயிலும் மாட்யூலும் சூடேறும். எத்தனை ஓமுக்குக் குறையக் கூடாது என்று மாட்யூல் பெட்டியில் எழுதியிருக்கும். அதை மீற வேண்டாம்.

மாட்டும் முறை

முதலில் வண்டி பாயின்ட்டிலேயே நன்றாக ஓடும் நிலைக்கு டைமிங் வைத்துவிடுங்கள். ஓடாத வண்டியில் புது முறையைப் போட்டால், கோளாறு பழையதா புதியதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஹரிக்கேன் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2; மேலிருந்து பார்த்தால் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும்; டைமிங் மேல்முனைக்கு 5 டிகிரி முன்னால். பாயின்ட்டில் டைமிங் வைக்க ஒரு சிறு பல்பு போதும். அதன் ஒரு முனை காயில் நெகட்டிவில், மறுமுனை எர்த்தில். சாவியைப் போட்டு, ஹேண்டிலால் இன்ஜினை மெதுவாகச் சுற்றினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் 5 டிகிரிக் குறி நேராக இருக்க வேண்டும்.

பிறகு ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊசியால் இன்ஜின் பிளாக்கிலும் உடலிலும் ஒரே கோடாகக் கீறிவிடுங்கள். இந்தக் கீறல் பிறகு உயிர் காக்கும். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் மழையில் நனைந்த போன் உதவாது, கீறல் உதவும்.

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கேப், ரோட்டார், பாயின்ட், கன்டென்சர் என்ற வரிசையில் கழற்றுங்கள். சிறு ஸ்க்ரூ தட்டின் ஓட்டை வழியாக உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டால் ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும். தட்டை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். பல மாட்யூல்களுக்கு இந்தத் தட்டுதான் எர்த். தட்டுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு பின்னல் வயர் இருக்கும். அது அறுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். மாட்டி இரண்டே நாளில் மாட்யூல் போய்விட்டது என்று சொல்லப்படும் இடங்களில் இந்த எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காந்த வளையத்தைக் கேமில் நன்றாக அழுத்தி உட்கார வையுங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையே கம்பெனி சொல்லும் இடைவெளியைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் கேஜால் வைக்க வேண்டும். இரும்புக் கேஜை காந்தம் இழுத்து அளவு தப்பும். வயர் இரண்டும் ஷாஃப்ட்டில் உரசாமல் வர வேண்டும். வேக்குவம் அட்வான்ஸ் உள்ள வண்டியில் தட்டு திரும்புவதற்கு ஏற்ப கொஞ்சம் தளர்வும் விட வேண்டும். பாசிட்டிவ் வயர் சாவியிலிருந்து வரும் முழு 12 வோல்ட்டுக்குப் போக வேண்டும். வண்டியில் பலாஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால், மாட்யூல் வயர் ரெசிஸ்டருக்கு முன்னால் சேரும். காயில் ரெசிஸ்டருக்குப் பின்னால் பழையபடியே இருக்கும். இங்கே மாறிப்போவதுதான் அதிகம். மற்ற வயர் காயில் நெகட்டிவுக்கு. கன்டென்சர் இனித் தேவையில்லை.

பிளக் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் கார்பன் கோர் வயருக்கு மாற்றுங்கள். செம்பு வயரிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பும். பிளக் இடைவெளி பழைய 0.75 மி.மீ.யிலேயே இருக்கட்டும். ஸ்பார்க் வலுத்துவிட்டது என்று 1 மி.மீ.க்கு மேல் திறந்து வைத்தால் பழைய கேப்பும் ரோட்டாரும் தாங்காது.

ஸ்டார்ட் செய்த பிறகு டைமிங் லைட் வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். பாயின்ட் திறந்த இடமும் சென்சார் வெட்டும் இடமும் ஒன்றாக இருக்காது. சில டிகிரி மாறும். பல்பு முறை எல்லா மாட்யூலுக்கும் ஒத்துவராது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் குறியைப் பாருங்கள். பிறகு சுமையோடு ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டொக் டொக் என்று இன்ஜின் தட்டினால் டைமிங் அதிகமாக முன்னால் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் இரண்டாவது கீறல் போடுங்கள். முதல் கீறல் பாயின்ட்டுக்கு, இரண்டாவது மாட்யூலுக்கு.

மாட்யூலைக் கொல்லும் பழக்கங்கள்

இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைப் போட்டபடி விடுவது முதல் பழக்கம். பாட்டு கேட்பதற்காகச் செய்வார்கள். இன்ஜின் சுற்றாமல் கரண்ட் மட்டும் ஓடினால் காயிலும் மாட்யூலும் கொதிக்கும். ரேடியோவுக்குத் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் கொக்கியையோ பம்பரையோ வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பது அடுத்தது. பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, மாட்யூல் வயரையும் பிரித்த பிறகே வெல்டிங் செய்ய வேண்டும். பேட்டரி இறங்கிப்போனால் கரும்பு லாரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. லாரிகளில் பலவும் 24 வோல்ட். ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றிப் பார்த்து டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று சோதிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாயின்ட் இவை எல்லாவற்றையும் தாங்கியது. மாட்யூல் தாங்காது.

டூல் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

பாயின்ட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அது மெல்ல மெல்லத்தான் கெடும், முன்கூட்டியே சொல்லும். வழியில் நின்றாலும் உப்புத்தாளால் தேய்த்து, தீப்பெட்டி அட்டையின் கனத்துக்கு இடைவெளி வைத்து வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மாட்யூல் கெட்டால் திடீரென்று கெடும், அடையாளம் காட்டாது, பிரித்துப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. இரவு மலையில் அது கைவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே கழற்றிய பாயின்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் நல்லது, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்கான இன்னொரு தட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கி, புது பாயின்ட்டும் கன்டென்சரும் பொருத்தி, கேமில் குதிகால் உரசும் இடத்துக்கான கிரீஸையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு, பாலித்தீன் பையில் கட்டி வண்டியிலேயே வைத்துவிடுவது. நின்ற இடத்தில் மாட்யூல் தட்டை எடுத்து இதை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் ஒருமுறை பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை முதல் கீறலுக்குத் திருப்பினால் வண்டி கிளம்பும். பழகிய கைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பழகுங்கள். கூடவே ஒரு டார்ச், ஒரு ரோட்டார், கேப்பைத் துடைக்க உலர்ந்த துணி. இந்த மாற்றுத் தட்டு இல்லாமல் மலை வண்டிக்கு எலக்ட்ரானிக் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமவெளியில் கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் போய்வரும் வண்டிக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

பைக்கும் பம்ப் இன்ஜினும்

பழைய மொபெட், ஸ்கூட்டர், டூ ஸ்ட்ரோக் பைக்குகள் பலவற்றில் பாயின்ட் இருப்பது மேக்னெட் வீலுக்கு அடியில். பம்ப் இன்ஜினிலும் அப்படியே. இவற்றுக்கு பேட்டரி தேவையில்லை. வீலில் இருக்கும் காந்தமே கரண்டைத் தருகிறது. அதே கம்பெனி பின்னாளில் சி.டி.ஐ. போட்டு அதே இன்ஜினை விற்றிருந்தால், அந்த மாடலின் மேக்னெட் வீல், காயில் தட்டு, சி.டி.ஐ. பெட்டி, இக்னிஷன் காயில் நான்கையும் ஒரே செட்டாக மாற்றுவதே நல்லது. ஒன்றை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டால் காந்தம் கடக்கும் நேரம் பொருந்தாது.

வீலைக் கழற்றக் கட்டாயம் புல்லர் பயன்படுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் கிராங்க் வளையும், காந்தமும் பலம் இழக்கும். வீலின் அடியில் இருக்கும் சிறு அரைவட்டச் சாவி லேசாக வெட்டுப்பட்டிருந்தாலும் டைமிங் மாறிவிடும். இன்ஜின் திருப்பி உதைப்பதற்கு அது ஒரு காரணம். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோல் இன்ஜினின் டைமிங்கை வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் எளிதில் தட்டும். டைமிங் சற்றுப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஆர்.சி., புகைச் சான்று, விண்டேஜ் பதிவு

இக்னிஷனை மாற்றுவதால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேசிஸ் எண், எரிபொருள் வகை எதுவும் மாறுவதில்லை. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போடுவதுதான் ஆர்.டி.ஓ. அனுமதி தேவைப்படும் வேலை. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியது எப்போதும்போல. புகைச் சோதனையில் 2000-க்கு முந்தைய பெட்ரோல் நாலு சக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை அனுமதி. மிஸ்ஸிங் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் வெளியே வருவதால் இரண்டாவது எண்தான் எகிறும். ஸ்பார்க் சரியானால் அது இறங்கும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் விண்டேஜ் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும். தோட்டத்து வேலைக்கு ஓட்டும் ஜீப்பை யாரோ சொன்னார்கள் என்று விண்டேஜில் பதிந்துவிட வேண்டாம். என்றாவது அப்படிப் பதிய நினைப்பவர்களுக்கு வண்டி அசல் நிலையில் இருப்பது முக்கியம் என்பதால், டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் துளையிடாமல், வயரிங்கை வெட்டாமல், பழையபடி திருப்பி மாட்டக்கூடிய மாட்யூலையே தேர்ந்தெடுங்கள். துளை போட்டுத்தான் உட்கார வைக்க முடியும் என்று சொல்லும் மாட்யூல் அந்த வண்டிக்கானதே அல்ல.